முதல் தூணை நடுபவர்

எங்கள் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுக்காரர்களிடம் நங்கூரக் கயிற்றைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். நீளமாக விட்டால்தான் நங்கூரம் மண்ணைப் பிடிக்கும். குட்டையாகக் கட்டினால் அலை தூக்கும்போது பிடுங்கிக்கிட்டு வந்துடும். கயிறு எந்தக் கோணத்தில் இழுக்கிறது என்பதில்தான் விஷயம். கடலில் இவ்வளவு தெரிந்த ஊரில், கூரை மேல் கயிறு கட்டும்போது மட்டும் கோணத்தை மறந்துவிடுகிறோம்!

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் பல கூரைகள் பறந்தன. என் மாமா ஷீட் மாட்டும் வேலை பார்ப்பவர். ஒரு கொட்டகையில் இரு முனையிலும் பர்லின் மேல் ஜி.ஐ. பைப்பை வெல்டிங் வைத்து, நடுவே வயர் ரோப்பை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினார்களாம். பெல்ட்டை அதில் மாட்டி நடந்தவர் கால் வழுக்கியதும் பைப் தலைசாய்ந்துவிட்டது. கீழே வலைக் குவியல் கிடந்தது. இல்லையென்றால் மாமா இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் ரோப். அதிர்ச்சியைத் தாங்கும் உறுப்பு பெல்ட்டில் இருந்தாலும், விழுபவரை நிறுத்த 6 கிலோ நியூட்டன் விசை என்று வையுங்கள். ரோப் நடுவில் 1 மீட்டர் தொய்ந்தால் ஒவ்வொரு தூணையும் சுமார் 15 கிலோ நியூட்டன் இழுக்கும். அரை மீட்டர்தான் தொய்கிறது என்றால் 30. அதாவது மூன்று டன்! தூண் 1 மீட்டர் உயரமென்றால் அடியில் 30 கிலோ நியூட்டன் மீட்டர் பெண்டிங் மொமெண்ட். இரண்டு அங்குல பைப் வாழைத்தண்டாக மடங்காமல் என்ன செய்யும்? அதற்காக ரொம்பத் தொய்வாக விட்டால் ஆள் தரையில் மோதிவிடுவார். கீழே எத்தனை மீட்டர் இடம் இருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும்.

ஆகவே தூண் குட்டையாக, அகலமான பேஸ் பிளேட்டோடு, டிரஸ்ஸிலோ காலத்திலோ உட்கார வேண்டும். ஷீட்டிலோ பர்லினிலோ அல்ல. போல்ட் ஊடுருவிப் போய் அடியில் பிளேட் வைத்து முடுக்க வேண்டும். எங்கள் உப்புக்காற்றுக்கு கால்வனைஸ் செய்யாத போல்ட் வேலைக்காகாது.

சரி, நல்ல தூணே வாங்கியாச்சு. முதல் தூணை நடுபவர் எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார்? லைன் இன்னும் கட்டவில்லையே! இதை யாரும் கேட்பதில்லை. பதில் பழசுதான்: சாரம். கொட்டகைக்கு உள்ளிருந்து சாரம் ஏற்றி, டிரஸ்ஸைச் சுற்றி நாடா வார் போட்டு, அதில் முழு உடல் பெல்ட்டை மாட்டிய பிறகே துளை போட வேண்டும். இடம் மாற இரண்டு கொக்கி. ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றணும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் கால் வைக்கவே கூடாது, பர்லின் மேல் பலகை போட்டுத்தான் நடக்கணும். இரு முனையும் முடுக்கிச் சரிபார்க்கும்வரை அந்த லைனில் யாரும் மாட்டக்கூடாது.

சாரத்துக்கு ஒரு நாள் கூலி கூடுதல் என்பார் காண்ட்ராக்டர். நாளை சைட் சூப்பர்வைசராகப் போகும் நாம்தான் எஸ்டிமேட்டில் அதைத் தனி அயிட்டமாகப் போட வேண்டும்.

மாமா அடுத்த வாரம் மீமிசலில் ஒரு மண்டபக் கூரைக்குப் போகிறார். சாரம் கட்டச் சொன்னேன். "பாக்கலாம் மாப்ளே" என்கிறார். நானும் கூடப் போகிறேன்.