அருகம்புல்லும் கத்திரி வெயிலும்

கத்திரி வெயில் நேரத்தில் கடலூரிலோ சிதம்பரத்திலோ ஏதாவது ஒரு மைதானத்தில் கிரிக்கெட் ஆடியிருக்கிறீர்களா? பிட்ச் பக்கம் எல்லாம் புழுதி. பந்தைப் பொறுக்க ஓரத்துக்கு ஓடும்போது கொஞ்சம் குனிந்து பாருங்கள். காய்ந்து, பழுப்பாகி, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு புல். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோமே, அதே அருகம்புல்தான்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் புல்லுக்கு வெளிநாட்டில் 'பெர்முடா கிராஸ்' என்று பெயர். வெப்ப நாடுகளில் பணத்தைக் கொட்டிப் பராமரிக்கும் கோல்ஃப் மைதானங்கள் பலவற்றில் இருப்பது இதுவோ, இதன் கலப்பு ரகமோதான். 1956-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள டிஃப்டனிலிருந்து 'டிஃப்கிரீன்' என்ற ரகம் வெளிவந்தது. நம்ம அருகுக்கும் ஓர் ஆப்பிரிக்கப் புல்லுக்கும் பிறந்த பிள்ளை அது. விதை வைக்காது. தண்டைத் துண்டு துண்டாக வெட்டித்தான் நட வேண்டும்.

சரி, கோடையில் அவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

ஒன்று, புல்லைக் கொஞ்சம் உயரமாக விடுவார்கள். மேலே ஒட்ட வெட்டினால் கீழே வேரும் குட்டையாகிவிடும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது.

இரண்டு, தினமும் தெளிக்காமல், சில நாளுக்கு ஒரு முறை விடியற்காலையில் ஆழமாக நனைப்பார்கள். அப்போதுதான் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும்.

மூன்று, இறுகிய மண்ணில் துளை போட்டு மணல் தூவுவார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்டு டாம் மாரிஸ் 19-ம் நூற்றாண்டிலேயே மணல் தூவிப் புல் வளர்த்தவர். அந்த ஊரின் பழைய மைதானம் இன்றும் பொதுச் சொத்து. ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நடக்கலாம், புல்லுக்கும் ஓய்வு!

இங்கே மண் ஊருக்கு ஊர் வேறு. கடலூர்க் கடற்கரைப் பக்கம் மணல், தண்ணீர் நிற்காது. அங்கே மக்கிய தொழுவுரம் போட வேண்டும். சிதம்பரம் பக்கம் களிமண், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அங்கேதான் துளையும் மணலும் தேவை.

ஆனால் தண்ணீர்? அதுதான் பெரிய கேள்வி. சிதம்பரத்துக்குப் பக்கத்து வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. அதே ஏரியை நம்பி வயல்களும் இருக்கின்றன. இந்த நிலைமையில் விளையாட்டு மைதானத்துக்குத் தண்ணீர் விடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

கேட்கவே வேண்டாம் என்பதுதான் அருகம்புல் சொல்லும் பதில். பழுப்பானால் அது செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, தூங்குகிறது. மண்ணுக்குள் இருக்கும் தண்டு உயிரோடு இருக்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் சில நாளில் மறுபடியும் துளிர்க்கும். இந்தியாவில் தண்ணீர் இல்லாத ஊர்களில் கோல்ஃப் ஆடியவர்கள், 'கிரீன்' வேண்டிய இடத்தில் எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி அதற்கு 'பிரவுன்' என்றே பெயர் வைத்தார்களாம்!

வெயில் தனியாக இந்தப் புல்லை அழிப்பதில்லை. பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் ஜேசிபி விட்டு மேல்மண்ணைச் சுரண்டுகிறோம். லாரியை உள்ளே நிறுத்துகிறோம். குப்பையைக் குவித்துக் கொளுத்துகிறோம். மண்ணுக்குள் இருக்கும் தண்டும் போன பிறகு மழை வந்து என்ன பயன்? அடுத்த வருடம் அங்கே விழுகிற பையனுக்கு முட்டி தேய்வதுதான் மிச்சம்.

மைதானத்தில் பாதியைக் கயிறு கட்டி மே மாதம் மட்டும் சும்மா விட்டால் போதும். அதற்குப் பைசா செலவில்லை. அருகு போல் வேரோடி வாழ வேண்டும் என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோமே... அந்த அருகுக்கு வேரோட ஒரு மாதம் இடம் கொடுக்க மாட்டோமா?