எதன் மேல் சதவீதம்?

குரூப் 4 எழுதுகிறவர்களிடம் கணக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு, "தமிழ்ல நூத்துக்குத் தொண்ணூறு எடுத்துடுவேன் சார், இந்த இருபத்தஞ்சுதான்..." என்று இழுப்பார்கள். மொத்தம் 200 கேள்வி, அதில் திறனறிவுக்கு 25. மூன்று மணி நேரத்தைப் பங்கு போட்டால் ஒரு கேள்விக்கு 54 விநாடி கிடைக்கும். தமிழில் மிச்சம் பிடித்ததைக் கணக்கில் செலவழிப்பதுதான் எல்லோருடைய திட்டமும்.

எங்கள் ஊர் நூலக மாடியில் ஞாயிறுதோறும் இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். கூட்டுவட்டியைக்கூடச் சமாளித்துவிடுகிறவர்கள் சதவீதத்தில் வழுக்குகிறார்கள். எக்ஸ் போடத் தெரியாமல் இல்லை. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் போட்டுவிடுகிறார்கள், அதுதான் தொல்லை. "போடும்மா, ஆனா எதுக்குப் போடுறேன்னு சொல்லிட்டுப் போடு" என்பேன்.

தேர்தல் கணக்கு ஒன்று இருக்கிறது. இருவர் போட்டி, பதிவான வாக்குகளில் 10% செல்லாதவை, வென்றவர் செல்லும் வாக்குகளில் 60% பெற்று 1,800 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார், பதிவான வாக்குகள் எத்தனை? அறுபதுக்கும் நாற்பதுக்கும் இடைவெளி இருபது. எக்ஸில் 20% என்பது 1,800 என்றால் எக்ஸ் 9,000. நிமிர்ந்து பார்த்தால் கொடுத்திருக்கும் விடைகளில் 9,000 இருக்கிறது. அப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்? வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

அந்த 9,000 சும்மா வந்த எண் இல்லை. செல்லும் வாக்குகள் சரியாக அத்தனைதான். கேட்காத கேள்விக்குச் சரியான விடை அது. அந்த இருபது, செல்லும் வாக்குகளின் மேல் நிற்கிறது. கேட்டதோ பதிவான வாக்குகளை. பதிவானவை எக்ஸ் என்றால் செல்லுபவை அதில் 90%. அந்தத் தொண்ணூறில் ஐந்தில் ஒரு பங்கு பதினெட்டு. எக்ஸில் 18% என்பது 1,800, எக்ஸ் 10,000. கேள்வி தயாரிக்கிறவருக்கு நாம் எந்த நூறைப் பிடித்துத் தொங்குவோம் என்று நன்றாகத் தெரியும். தவறான விடைகளை அவர் அங்கிருந்துதான் எடுக்கிறார்.

கைடுகளில் இதற்கெல்லாம் குறுக்குவழி உண்டு. ராமுவின் சம்பளம் சோமுவைவிட 25% அதிகம். சோமுவின் சம்பளம் ராமுவைவிட எத்தனை சதவீதம் குறைவு? இருபத்தைந்தை நூறோடு கூட்டி, அந்தத் தொகையால் இருபத்தைந்தை வகுத்து, நூறால் பெருக்கு என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். விடை 20%, சரிதான். ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டால் கூட்டுவதா கழிப்பதா என்று பரீட்சை ஹாலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். அதற்கு, ஓரத்தில் சோமு 100, ராமு 125 என்று எழுதிப் பார்ப்பதே மேல். இருபத்தைந்து ரூபாய் வித்தியாசம். நூற்றில் அது கால் பங்கு, நூற்று இருபத்தைந்தில் ஐந்தில் ஒன்று. பத்து விநாடி வேலை.

கேள்வி தயாரிக்கிறவரின் வித்தையைக் கடைக்காரர்களும் செய்கிறார்கள், இன்னும் அழகாக. நகைக்கடை வாசலில் 'சேதாரத்தில் 25% தள்ளுபடி' என்று ஆளுயரத்துக்குப் பலகை. ஒரு லட்ச ரூபாய்த் தங்கத்துக்கு 12% சேதாரம் என்றால் 12,000. தள்ளுபடி அதில் 3,000. தங்கமும் சேதாரமும் சேர்த்துக் கொடுக்கும் பணத்தில் நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. பொய் என்று ஒரு சொல் பலகையில் கிடையாது. ஆடிக்குத் துணிக்கடைக்காரர்கள் போடும் '50% + 20%' இன்னொரு ரகம். ஆயிரம் ஐந்நூறாகி, அந்த ஐந்நூறின் மேல்தான் இருபது. கட்ட வேண்டியது 400, முந்நூறு இல்லை.

வகுப்பை நிஜமாகவே நிறுத்திவைத்தது உலர்திராட்சைக் கணக்கு. பச்சைத் திராட்சையில் 90% தண்ணீர், உலர்ந்ததில் 20%. 20 கிலோ பச்சையிலிருந்து எவ்வளவு உலர்ந்தது கிடைக்கும்? தொண்ணூறில் இருபது போக எழுபது, ஆகவே 14 கிலோ வற்றி 6 கிலோ மிஞ்சும் என்று பாதிப்பேர். எக்ஸும் சமன்பாடுமாகப் பலகை நிரம்பிக்கொண்டிருந்தபோது, துணிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற ஒரு பெண் கேட்டது: "தண்ணிதானே சார் வத்துது, மத்தது அப்படியே தானே இருக்கும்?" அவ்வளவுதான் கணக்கு. மற்றது 2 கிலோ. உலர்ந்த பிறகு அந்த 2 கிலோவே 80%. ஆக, மொத்தம் இரண்டரை கிலோ.

பின்வரிசைப் பையன் ஒருவன் விடவில்லை. நிஜத் திராட்சையில் அவ்வளவு தண்ணீர் இருக்குமா என்று போனில் தேடி, சுமார் எண்பதுதான் என்று கண்டுபிடித்துவிட்டான். அதை வைத்துப் போட்டால் 5 கிலோ வருகிறது. கொடுத்திருந்த நான்கு விடைகளில் அது இல்லை.