உடைந்த போல்ட்

எங்க மாமா ஒரு அம்பாசிடர் வச்சிருந்தார். 1974ஆம் வருஷத்து வண்டி. நாலு கை மாறி அவர்கிட்ட வரும்போது அதுக்கு இருபது வயசு தாண்டியிருந்துச்சி. சென்னை புதுப்பேட்டையில பழைய சாமான் கடையில எடுபிடியா இருந்து தொழில் கத்துக்கிட்டவர் அவர். சேத்து வச்ச காசோட அத்தையோட கம்மலையும் வித்துப் போட்டு வாங்கினார். திண்டிவனத்துக்குக் கிழக்க இருக்கிற எங்க சேரிக்குள்ள வந்த முதல் கார் அதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தா நான் அந்த வண்டிக்கு அடியிலதான் கிடப்பேன். ஸ்பானர் எடுத்துக் குடுக்கிறது என் வேலை.

1997 ஜூன் கடைசியில மேலவளவுல பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் அவர்கூட இருந்தவங்களையும் பஸ்ஸை மறிச்சி வெட்டிக் கொன்னாங்க. அந்தச் சேதி எங்க சேரியில ஆறவே இல்ல. அந்த ஆவணியிலதான் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். பொண்ணை மாமா வண்டியில அழைச்சிக்கிட்டு வர்றதுன்னு முடிவாச்சி. சேரிக்கு வர்ற ரோடு ஊர்த்தெரு வழியாத்தான் வரணும். வாடகைக்குப் போய் வரும்போது மாமா அந்தத் தெருவுல நிக்காம வந்துடுவார். பூ சுத்தி, பொண்ணை உக்கார வச்சி, மேளத்தோட மெதுவா வர்றது வேற. அதுவரைக்கும் எங்க பொண்ணுங்க எல்லாம் ஏரிக்கரை மேல சுத்தி நடந்துதான் வந்தாங்க. பெரியவங்க வேணாம்னாங்க. பசங்க வந்தே தீரணும்னாங்க. மாமா ஒண்ணுதான் சொன்னார்: "கவர்மெண்டு ரோடு. நான் டாக்ஸ் கட்டறேன்."

ராத்திரி எட்டு மணி இருக்கும். தெருவுல பாதி வந்தாச்சி. தண்ணிக்குழாய்க்கு எதிர்ல ரோட்டுல ஒரு பள்ளம். இடது பின்சக்கரம் இறங்கி ஏறிச்சி. டக்குனு ஒரு சத்தம். அப்புறம் டயர் மட்கார்டுல ஒரசற சத்தம். வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போய் நின்னுச்சி. மேளமும் நின்னுச்சி.

மாமா இறங்கிக் குனிஞ்சி பாத்தார். சக்கரம் மட்கார்டு வளைவுக்கு நடுவுல இல்ல, பின்னால தள்ளி நின்னுது. "சென்டர் போல்ட் போச்சி" ன்னார்.

அம்பாசிடர்ல பின்பக்கம் ஸ்பிரிங்குன்னா இரும்புப் பட்டைதான். பட்டைங்களை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி, நடுவுல ஓட்டை போட்டு, சுண்டு விரல் கனத்துல ஒரு போல்ட்டு போட்டுக் கட்டியிருப்பாங்க. அதுதான் சென்டர் போல்ட். அதோட தலை அச்சுல இருக்கிற ஒரு குழியில போய் உக்காரும். அச்சு முன்னபின்ன நகராம இருக்கிறது அதாலதான். ஆனா பாரத்தைப் பிடிக்கிறது அது இல்ல. பட்டையையும் அச்சையும் இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு ரெண்டு யு போல்ட் இருக்கு. அதுங்க பிடி தளர்ந்தா இழுபறி எல்லாம் அந்தச் சின்ன போல்ட்டு மேல வந்து விழும். எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு நாள் ஒடியும்.

எல்லாரையும் எறக்கினாத்தான் ஜாக்கி போட முடியும். மாலை போட்ட பொண்ணு ஊர்த்தெருவுல எறங்கி நின்னுச்சி. சுத்திலும் திண்ணைங்க. எந்தத் திண்ணையில உக்கார்றது? மாமா டிக்கியிலயிருந்து ஸ்டெப்னிய எடுத்துக் கீழ போட்டு, மேல துண்டை விரிச்சார். "உக்காரும்மா" ன்னார். பட்டுப்புடவையோட அண்ணி ஸ்டெப்னி மேல உக்காந்தாங்க. திண்ணையில இருந்தவங்க பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஒருத்தர், "வண்டிய சேரிக்கு இழுத்துக்கிட்டுப் போய் ரிப்பேர் பண்ணுங்கடா" ன்னார். மாமா நிமிரல. "இழுத்தா அச்சு முழுசா நழுவிடும்ங்க. இங்கதான் மாட்டணும்" னார். அது உண்மை. பொய்யில்ல.

அதுக்குள்ள நம்ம பசங்க பின்னால கசமுசன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. நேத்து ராத்திரி எவனோ வண்டிக்கு அடியில பூந்து போல்ட்டை அறுத்து வச்சிட்டான்னு ஒருத்தன் சொன்னான். அது வாய்க்கு வாய் பரவிச்சி. மேலவளவு நெனப்புல இருந்தவங்களுக்கு அதை நம்பறதுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. ரெண்டு பேரு கம்பு தேடப் போயிட்டாங்க.

முன்சக்கரத்துக்குக் கல்லு போட்டு, ஜாக்கியில தூக்கி, பனந்துண்டு முட்டு குடுத்துட்டு மாமாவும் நானும் அடியில போனோம். அங்கயிருந்து பாத்தா காலுங்கதான் தெரியும். இந்தப் பக்கம் நம்ம காலு, அந்தப் பக்கம் அவங்க காலு. யு போல்ட் நட்டுல ஸ்பானரை வச்சார். கையாலயே சுத்த வந்துச்சி. மாமா ஒண்ணும் பேசல. உடைஞ்ச போல்ட்டை எடுத்து டார்ச்சுல காட்டினார். உடைஞ்ச முகத்துல பாதிக்கு மேல வழவழன்னு கறுத்து, துரு ஏறியிருந்துச்சி. மிச்சம் மட்டும் வெள்ளி மாதிரி புதுசா, சொரசொரன்னு.

"பாத்தியா மாப்ள, அறுத்திருந்தா ரம்பத்தோட கோடு இருக்கும். இது கீறல் விட்டு, கொஞ்சம் கொஞ்சமா வளந்து, மிச்சம் இருந்தது இன்னிக்கி ஒடிஞ்சிருக்கு."

வெளிய வந்து அந்தத் துண்டை உள்ளங்கையில வச்சி எல்லார்கிட்டயும் காட்டினார். "எவனும் அறுக்கல. போன மாசம் நான்தான் பட்டை மாத்தினேன். பழைய போல்ட்டையே திரும்பப் போட்டேன். ஓட்டிப் பாத்துட்டு யு போல்ட்டை மறுபடி முறுக்கணும். முறுக்காம வுட்டுட்டேன். தப்பு என்னுது." கம்பு கொண்டாந்தவங்க கம்பைக் கீழ போட்டாங்க. ஊர்க்காரங்க எதிர்ல அப்பிடிச் சொல்றது எனக்கு அன்னிக்கி வெக்கமா இருந்துச்சி. பொய் சொல்லியிருந்தா எத்தனை மண்டை உடைஞ்சிருக்கும்னு பின்னாலதான் புரிஞ்சிது.

டப்பாவுல வேற போல்ட் இருந்துச்சி. ஆனா பட்டைங்களை அழுத்திப் பிடிக்கக் கிளாம்பு இல்ல. அது இல்லாம போல்ட் மாட்டினா பட்டை துள்ளிக் கையை உடைச்சிடும். அப்ப தெருவுல லாரி ஓட்டற ஒருத்தன் உள்ள போய் ஒரு கிளாம்பைக் கொண்டாந்தான். கையில குடுக்கல. தரையில வச்சிட்டுத் தள்ளி நின்னான். மாமா எடுத்துக்கிட்டார்.

தாகம் எடுத்துச்சி. குழாய் பத்தடியில இருக்கு. சேரியிலயிருந்து குடத்துல தண்ணி வந்துச்சி.

பட்டையை அழுத்தி, புது போல்ட் போட்டு, ஜாக்கியால அச்சை நேர் பண்ணி, தலையைக் குழியில உக்கார வச்சி, யு போல்ட் நட்டை மாத்தி மாத்திக் குறுக்கால முறுக்கினோம். ரெண்டு மணி நேரம் ஆச்சி. அந்தத் தெருவுல பத்து நிமிஷம் சேந்தாப்ல நின்னவங்க நம்மள்ல அதுவரைக்கும் யாருமில்ல.

கிளாம்பைத் திருப்பிக் குடுக்கும்போது மாமா கீழ வைக்கல. கையை நீட்டிக்கிட்டே நின்னார். கொஞ்ச நேரம் ஆச்சி. அவன் கையிலயே வாங்கிக்கிட்டான். மேளம் மறுபடி ஆரம்பிச்சிது.

உத்தர்பாராவுல அம்பாசிடர் செய்யறதை 2014ல நிறுத்திட்டாங்க. மாமாவும் இப்ப இல்ல. நான் பட்டறை வச்சிருக்கேன். எந்த போல்ட் உடைஞ்சி வந்தாலும் அதோட முகத்தைப் பாக்காம குப்பையில போடறதில்ல.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். கல்யாணம் முடிஞ்சி வண்டி ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் யு போல்ட்டை மறுபடி முறுக்கணும்னு மாமா என்னையும் கூட்டிக்கிட்டுக் கெளம்பினார். வண்டியக் கொண்டுபோய் ஊர்த்தெருவுல அதே குழாய்க்கு எதிர்ல நிறுத்தினார். திண்ணையில இருந்த பெரியவர், "இன்னாடா, திரும்பவும் உடைஞ்சிடுச்சா?" ன்னார்.

"இல்லிங்க, உடையாம இருக்கத்தான்" னு சொல்லிட்டு மாமா ஸ்பானரோட அடியில போனார்.