இடி கற்றுத் தந்த பாடம்

திண்டுக்கல் என்றாலே பூட்டு என்பார்கள். 2019 ஆம் ஆண்டில் நம் ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எந்தப் பூட்டுக்கும் அடங்காமல், கம்பி வழியாகவே உள்ளே நுழையும் கள்ளன் ஒருவன் உண்டு என்பதைச் சென்ற ஐப்பசியில்தான் நாங்கள் அறிந்தோம்.

பொதுத்தேர்வு எழுதவிருக்கும் மாணவியரின் பெயர்ப் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றும் பணியில் அலுவலகச் சகோதரிக்கு உதவ, பத்தாம் வகுப்பிலிருந்து நாங்கள் நால்வர் தேர்ந்தெடுக்கப்பட்டோம். எங்களில் ஒருத்தி வாசிப்பாள், சகோதரி தட்டச்சு செய்வார், மற்றவர்கள் சரிபார்ப்போம். நான்கு மாலைகளில் வேலை முடிந்தது. அன்று சிறுமலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. செப மணி அடிக்கவே சகோதரி எழுந்து, "எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போங்கள், பிள்ளைகளே!" என்று கூறிச் சென்றார். மழைக்கு முன் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், நாங்கள் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஓடினோம்.

அன்றிரவு இடித்த இடியில் வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. மறுநாள் காலையில் அலுவலகத்தில் கருகிய நாற்றம். கணிப்பொறி உயிரற்றுக் கிடந்தது. பழுது பார்க்க வந்தவர் விளக்கினார்: "வானத்திலிருந்து காற்றைப் பிளந்துகொண்டு வரும் மின்னலுக்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சிறு இடைவெளி ஒரு தடையா? செருகியைச் சுவரிலிருந்தே பிடுங்கியிருக்க வேண்டும். இணைய இணைப்புக் கம்பியையும் கழற்றியிருக்க வேண்டும்." பட்டியலுக்கு வேறு பிரதியும் இல்லை. அதை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

யார் தவறு என்று எவரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எங்களைச் சுட்டது. எண்ணெய் கொண்டுவர மறந்த கன்னியரின் கதையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டுச் சிரித்தவர்கள் நாங்கள். இன்று நாங்களும் அவர்களோடு கதவுக்கு வெளியே நின்றோம். இடைவேளையில் சகோதரியிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு இரும்பு அலமாரியைத் திறந்து, கையால் எழுதிய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து எங்கள் முன் வைத்தார். "முதலிலிருந்து தொடங்குவோம்" என்றார்.

மீண்டும் ஒவ்வொரு பெயராக வாசித்தபோது, தோழி ஒருத்தியின் தலைப்பெழுத்தை முதல்முறை தவறாக ஏற்றியிருந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. அப்படியே போயிருந்தால் அவளது மதிப்பெண் சான்றிதழிலும் அந்தப் பிழை ஏறியிருக்கும். இறைவன் கோணல் கோடுகளிலும் நேராக எழுதுகிறார் என்று சகோதரி சிரித்தார்.

கடலுக்குத் தொலைவில் இருக்கும் நமக்குப் புயல் ஏது என்று எண்ணிவிடக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், வலுக்குறைந்த பின்னும் நம் மாவட்டத்தில் மரங்களைச் சாய்த்தது. காகிதமும் முழுக் காவலன் அன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பலர் சான்றிதழ்களை இழந்தனர். அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல்கள் வழங்க முடிந்தது, அவற்றின் விவரம் வேறிடத்திலும் இருந்ததால்தான்.

ஆகவே தோழியரே, வானம் இருளத் தொடங்கும்போதே செருகிகளைக் கழற்றுங்கள்; இடி தலைக்கு மேல் வந்த பின் கம்பிகளைத் தொடாதீர்கள். கணிப்பொறியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். நனைந்துவிட்டால், நன்கு உலர்ந்து, தெரிந்தவர் பார்க்கும்வரை இயக்காதீர்கள். அன்றன்று செய்த வேலைக்கு அன்றே பிரதி எடுத்து வேறொரு கட்டடத்தில் வையுங்கள். கரியும் உப்பும் இட்ட எர்த் குழி கோடையில் காய்ந்துவிடாமல் தண்ணீர் ஊற்றுங்கள்.

இப்போது சிறுமலையில் மேகம் திரண்டால் யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நால்வரில் ஒருத்தி அலுவலகத்துக்கு ஓடுகிறாள். பேருந்து போனால் அடுத்த பேருந்து வரும்.