ஊற்றடியிலிருந்து பலாமரம் வரை

விடிந்தும் விடியாத நேரம். எங்கள் மலை ஊரான செம்மநத்தத்தில் அத்தை வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து நான் ஓடி வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

“என்ன கண்ணு ஓடியாறே? யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல அத்தே. சும்மா ஓடிட்டு வந்தேன்.”

அவளுக்கு நெஞ்சு படபடப்பு அடங்க நேரமாயிற்று. திண்ணையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சும்மா யாராச்சும் ஓடுவாங்களா?” என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஆள் ஓடினால் கெட்ட செய்தி என்று பொருள். பாம்பு கடித்திருக்கும், பிரசவ வலி கண்டிருக்கும், எஸ்டேட்டில் மரம் விழுந்திருக்கும். நடக்கிறவர்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. பள்ளிக்கும் சந்தைக்கும் ரேஷனுக்கும் நடைதான். ஓட்டம் ஆபத்துக்கு மட்டும்.

என் தங்கை பிறந்த இரவு அப்பா ஓடினார். அம்மாவுக்கு இரண்டு நாளாக வலி. ஜீப் பிடிக்க ஏற்காட்டுக்குப் போக வேண்டும். மண் ரோட்டில் சுற்றிப் போனால் நேரமாகும் என்று காபித் தோட்டத்துக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில், செருப்பில்லாமல், கையில் ஒரு டார்ச் லைட்டோடு போனார். ஜீப் ஊருக்குள் வந்தபோது தங்கை பிறந்துவிட்டிருந்தாள். அம்மா பிழைத்துக்கொண்டாள். அப்பாவின் வலது கால் பெருவிரல் நகம் பெயர்ந்து தொங்கியதை நான்தான் முதலில் பார்த்தேன். அந்த விரலில் அதன்பின் சரியாக நகம் வளரவில்லை.

சிங்கப்பூருக்குப் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நடுவில் இரண்டு முறை வந்தேன். இரண்டும் சேலத்தோடு முடிந்த பயணங்கள், கல்யாணம் ஒன்று, சாவு ஒன்று. அங்கே கப்பல் பட்டறையில் வேலை. நாற்பது வயதில் சர்க்கரை வந்தது. “நடங்கள், முடிந்தால் ஓடுங்கள்” என்று மருத்துவர் சொன்னார். அப்படித்தான் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

1868இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. நகரத்தின் குடிதண்ணீரைக் காப்பதற்காகச் சுற்றிலும் காட்டை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். கரையோரம் மரப்பலகை பதித்த நடைபாதை, அதைத் தாண்டினால் வேர்கள் குறுக்கே ஓடும் மண்பாதை, காட்டின் தலைக்கு மேல் 250 மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் பாலம். பிரிவுக்குப் பிரிவு பலகை நட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று எழுதியிருப்பார்கள். விழுந்த மரத்தை உடனே அறுத்து ஒதுக்கிவிடுவார்கள். அந்த மண்பாதையில் கால் வைத்த முதல் நாள், பாதத்துக்கு அடியில் சருகு நசுங்கிய சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடன் வந்த நண்பர் மூச்சிரைப்பு என்று நினைத்துக்கொண்டார். அன்று முடிவு செய்தேன், ஊருக்குப் போனால் அப்பா ஓடிய பாதையில் ஒருமுறை ஓட வேண்டும் என்று.

இந்தப் பங்குனியில்தான் அது வாய்த்தது. வந்த முதல் நாள் ஏற்காட்டில் தங்கி, காலையில் ஏரியிலிருந்து தொடங்கினேன். படகு இல்லத்தில் படகுகள் கட்டிக் கிடந்தன. பஜ்ஜிக் கடைகள் தார்ப்பாய் போர்த்தியிருந்தன. தண்ணீருக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்குப் பனி. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்ற பேர் வந்தது என்பார்கள். அந்த வேளையில் இரண்டுக்கும் நடுவே கோடு தெரியவில்லை.

அரை கிலோமீட்டர் போவதற்குள் மூச்சு வாங்கியது. கடல் மட்டத்தில் இத்தனை வருடம் ஓடிப் பழகிய உடம்பு. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்குப் பிராணவாயு குறையும். நான் பிறந்து வளர்ந்த காற்றுக்கு என் நுரையீரல் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. முதல் இரண்டு நாள் மெதுவாகத்தான் போனேன். வெளியூரிலிருந்து இங்கே ஓட வருகிறவர்களும் அப்படிச் செய்வது நல்லது.

ஓடுவதற்கு இந்த மலையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஏரியில் புறப்பட்டு ஏரிக்கே திரும்பும் லூப் ரோடு 32 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி காபித் தோட்டங்களுக்கு நடுவே, சில்வர் ஓக் நிழலில் போகிறது. மரங்களில் மிளகுக் கொடி சுற்றி ஏறியிருக்கும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்றைக்கு மலையையே மூடியிருக்கிறது. நான் வந்ததற்கு ஒரு வாரம் முன்னால் பூமழை பெய்திருந்தது. அந்த மழை விழுந்த சில நாளில் காபிச் செடி கிளை தெரியாமல் பூக்கும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். நான் ஓடிய காலை அது முழுதாகப் பூத்திருந்தது. மல்லிகையை நினைவூட்டும் அந்த வாசனை பனிக்குள் தங்கி நின்றது. வேகத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

சேர்வராயன் கோயிலுக்கு ஏறும் சாலை தொடைக்குச் சோதனை. 1,623 மீட்டர் உச்சியில் மலை தட்டையாக விரிகிறது. மேலே ஏறிவிட்டால் காற்றும் சிவந்த மண்ணும் புல்வெளியும்தான். இந்த மண்ணில் பாக்சைட் இருப்பதால் மலையின் சில பகுதிகளைப் பல வருடங்கள் வெட்டி எடுத்துப் போனார்கள். குகைக்குள் குனிந்து போய் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைப்பாதையில் மட்டும் ஓட வேண்டாம். வளைவுக்கு வளைவு பஸ்ஸும் லாரியும் ஒடித்துத் திரும்புகின்றன, ஒதுங்க இடமில்லை. தோட்டத்து வழியிலும் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். காட்டுமாடு நிற்கும். நின்றால் நாம்தான் நிற்க வேண்டும். அது விலகும் வரை கை கட்டிக் காத்திருப்பதைச் சிறுவயதிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் செம்மநத்தம் வந்து அத்தையைப் பதற வைத்தேன். காபி குடித்துக்கொண்டே அப்பாவின் பாதையைப் பற்றிக் கேட்டேன்.

“அது எங்க கண்ணு இருக்குது? எல்லாரும் வண்டியில போறாங்க. ஊற்றடி வரைக்கும்தான் கால் வைக்கலாம். அங்கிட்டு முள்ளு.”

போய்ப் பார்த்தேன். ஊற்று இருந்தது. அதற்கு அப்பால் உண்ணிச்செடி ஆள் உயரம் வளர்ந்து பாதையை விழுங்கியிருந்தது. கீழே, பாதை தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் இரும்பு கேட் போட்டுப் பூட்டியிருந்தார்கள். தார் ரோடு வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அது அப்போதே இருந்து, ஊருக்குள் ஒரு வண்டியும் நின்றிருந்தால் அப்பாவின் விரல் தப்பியிருக்கும். ஆனால் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சாலையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் கைகொடுக்கும் கால்பாதையைக் காப்பதற்குக் காசு பெரிதாகத் தேவையில்லை. நாலு பேர் தினமும் நடந்தாலே அது திறந்திருக்கும். எங்கள் மலையில் பாதையைப் பராமரித்தது பாதங்கள்தான். சாமை மூட்டை சுமந்த பாதங்கள், பழம் பறிக்கப் போன பாதங்கள். மெக்ரிட்சியில் சம்பளம் வாங்கிச் செய்கிற வேலையை இங்கே ஓர் ஊரே சம்பளமில்லாமல் செய்திருக்கிறது. அந்த வேலை நின்ற இருபது வருடத்தில் பாதை போய்விட்டது. சுற்றுலாவுக்கென்று சிமெண்டுப் பலகை போட்டுப் புதுப்பாதை கட்டுவதற்கு முன்னால், ஏற்கெனவே இருந்த இந்த வழிகளைத் திறந்து, கேட்டில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டால் போதும். இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அத்தையின் பேத்தி என்னிடம் வந்தாள். போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறாளாம். “மாமா, நானும் தினம் ஓடறேன். ரோட்டுலதான். வண்டிக்காரங்க ஹார்ன் அடிச்சுக்கிட்டே போவாங்க, ஒரு மாதிரி இருக்கும். 400 மீட்டரை ரெண்டரை நிமிஷத்துல ஓடணும்.” ஆண்களுக்கு 1,500 மீட்டர், ஏழு நிமிடம். மலை ஊர்களில் காலையில் ஓடும் பிள்ளைகள் பலருக்கும் இந்தக் கணக்குகள் மனப்பாடம். எனக்கு அது தெரியாமல் போயிருந்தது.

மறுநாள் அரிவாளோடு இறங்கினோம். அவளுடைய தம்பியும் கூட வந்தான். மூன்று காலைகள் வெட்டினோம். உண்ணிமுள் கைகளைக் கீறியது. அடியில் அப்பாவின் பாதை அப்படியே இருந்தது, காலால் தேய்ந்து, நடுவில் சற்றே குழிந்து. கேட் வரை திறக்க முடியவில்லை. ஊற்றடியிலிருந்து பழைய பலாமரம் வரைதான் முடிந்தது. நாடாவால் அளந்தோம். 400 மீட்டருக்கு மரம் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. மரத்தைத் தாண்டி இன்னும் இருபத்தாறு மீட்டர் மட்டும் வெட்டி, அங்கே ஒரு கல்லின் மேல் கல் வைத்து அடையாளம் செய்தோம்.

நான் புறப்படும் நாள் அவள் கீழே கற்குவியலருகே நின்றாள். நான் ஊற்றடியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி கையை இறக்கினான். ஏற்றம் அது. காபிச் செடிகளுக்கு மேலே அவள் தலை மட்டும் தெரிந்து மறைந்து தெரிந்து வந்தது. ஊற்றடியைத் தாண்டியதும் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றாள், பேச முடியவில்லை. விரலை மட்டும் காட்டி எவ்வளவு என்று கேட்டாள்.

“ரெண்டு நிமிஷம் பதினெட்டு செகண்ட்.”

“இன்னொரு தடவை, மாமா,” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.