பாட்டுக்குப் போட்ட ஓட்டு

இப்போ ஒரு பாட்டை எத்தனை கோடி பேர் பார்த்தாங்கன்னு திரையிலேயே தெரிஞ்சிடும். யார் அவங்க, எந்த ஊர்னு தெரியாது. நான் வளர்ந்த காலத்தில் இது தலைகீழ். முதலிடப் பாட்டுக்கு எத்தனை ஓட்டு விழுந்ததுன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனால் யார் கேட்டாங்க, எங்கிருந்து கேட்டாங்கன்னு ரேடியோவில் வாசிப்பாங்க.

நேயர்கள் எழுதி அனுப்பிப் பாட்டு வரிசை போடும் பழக்கம் இந்தத் தீவுக்குப் பழசு. 1952-இல் இலங்கை வானொலியில் தொடங்கிய பினாக்கா கீத்மாலா, இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்தி இந்தியாவையே கேட்க வைத்தது. 1998-இல் சக்தி, சூரியன் என்று தனியார் தமிழ் எஃப்.எம்.கள் வந்தபோது தெமோதரையில் எங்க லயமும் அதில் சேர்ந்துகொண்டது. இஸ்தோப்பில் ரேடியோ, கொய்யா மரத்தில் கம்பி. மலை மறைப்பதால் கம்பியை யாராவது பிடித்துக்கொண்டு நிற்கணும். பெரும்பாலும் அது நான்தான்.

2003-இல் 'திருடா திருடி' வந்தது. 'மன்மத ராசா' எங்க லயத்தையே பிடித்து ஆட்டியது. அடுத்த வருசம் 'கில்லி'யின் 'அப்படிப் போடு'. திருவிழாவில் சாமிக்கு முன்னால் அண்ணன்மார் அந்தப் பாட்டுகளுக்கு ஆடுவாங்க. பொம்பளைப் பிள்ளைங்க நாங்க காம்பிராக் கதவைச் சாத்திட்டு ஆடுவோம். அம்மா திட்டுவாங்க. அம்மாயி மட்டும் தாளம் போடுவாங்க. "இது என்னடி புதுசு? காமன் கூத்துல அடிக்கிற நம்ம தப்புதானே இது!"

ரேடியோவுக்கு அட்டை எழுதுவது என் வேலை. பாட்டின் பெயர் ஒரு வரி, விரும்பிக் கேட்பவர்கள் பத்து வரி. அம்மா, அப்பா, அம்மாயி, மேட்டு லயத்துப் பிள்ளைகள், கடைசியில் 'கொழும்பில் இருக்கும் அக்கா'. அக்கா அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். எங்க கையில் போன் இல்லை. காம்பிராக்களுக்குத் தனி விலாசமும் இல்லை. அவள் போடும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, கை மாறி, சில நேரம் பிரிபட்டுத்தான் எங்ககிட்ட வரும். ரேடியோவில் வாசிச்சா மட்டும் கொழும்புக்கும் தெமோதரைக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்.

தீபாவளிக்கு வந்தப்போ அக்கா சொன்னாள்: "பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். தெமோதரைன்னு கேட்டதும் பைப்பை மூடிட்டேன். என்ன ஆச்சுன்னு அந்த வீட்டு அம்மா கேட்டாங்க. எங்க ஊரைச் சொல்றாங்கன்னு சொன்னேன்." அன்னைக்குக் கதவைச் சாத்திட்டு நாங்க ஆடின ஆட்டத்தில் பக்கத்துக் காம்பிராக்காரங்க சுவரில் தட்டினாங்க.

அந்த அட்டையில் அம்மாயி பெயரை எழுதினபோது அவங்களுக்கு நாட்டில் ஓட்டு கிடையாது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய லட்சக்கணக்கான மலையகத் தமிழரில் அவங்களும் ஒருத்தர். பிறகு இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்து, 1984-இல் கப்பல் நின்றுபோக, இங்கேயே தங்கிட்டாங்க. அப்படித் தங்கியவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 'மன்மத ராசா' வந்த அதே 2003-இல்தான் நிறைவேறியது. அடையாள அட்டை கைக்கு வந்து, முதல் தடவை ஓட்டுப் போடக் கிளம்பின அன்னைக்கு அம்மா பயந்துபோய் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாங்க. அம்மாயி சிரிச்சாங்க. "பாட்டுக்குப் போட்டுப் பழக்கம்தானே, விடு."

நாங்க எழுதின அட்டை எந்தப் பாட்டையாவது முதலிடத்துக்குக் கொண்டுபோயிருக்குமா? தெரியாது. ஆனால் அரசாங்கக் கணக்கில் இல்லாத ஒரு கிழவியின் பெயரும், விலாசமில்லாத ஒரு லயமும் அந்தக் கணக்கில் இருந்தன. மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் அப்படி அட்டை எழுதியிருப்பாங்க. உங்க வீட்டிலும் அம்மாவையோ சித்தியையோ கேட்டுப் பாருங்க.

இப்போ அக்கா மகள் ஆடி ரீல் போடுறாள். கதவைச் சாத்திட்டு இல்லை, ஒன்பது வளைவுப் பாலம் பின்னால் தெரிய, வெளியில் நின்று. போன வாரம் போட்டதில் இடம் 'எல்ல' என்று இருந்தது. பாலம் எல்ல ஸ்டேசனுக்கும் தெமோதரை ஸ்டேசனுக்கும் நடுவில்தானே இருக்கு, நம்ம ஊர்ப் பெயரைப் போடேன் என்றேன்.

"அப்படிப் போட்டா யாருக்கு சித்தி தெரியும்?"

அடுப்படியிலிருந்து அக்கா சொன்னாள்: "எனக்குத் தெரியும்."