மலையேற மறுத்த வண்டி

கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பாதை கண்ணுக்கு விருந்து. ஆனால் என்னைப் போலப் பழைய மோட்டார் சைக்கிளில் புறப்படுவதானால், முதலில் அதன் பெட்ரோல் டாங்குக்குள் எட்டிப் பாருங்கள்!

நான் பார்க்கவில்லை. அப்பாவின் வண்டி அது. அவர் காலமான பிறகு மூன்று வருஷம் வெறும் டாங்கோடு நின்றது. சமவெளியில் சமர்த்தாகத்தான் ஓடிற்று. மலை ஏற்றத்தில் முன்சக்கரம் உயர்ந்ததும், டாங்கின் அடியில் கிடந்த துரு பின்னால் சரிந்து குழாய் வாயை அடைத்துவிட்டது. என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு மௌனவிரதம் பூண்டது! சரிவின் தயவால் உருண்டு இறங்கி, திக்கித் திணறிக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தேன்.

மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே ஒரே செங்காவி!

"துருவை எடுத்துடலாம் சார். ஆனா சில டாங்குல ஓட்டையை அந்தத் துருதான் அடைச்சுக்கிட்டு இருக்கும். எடுத்தாத்தான் தெரியும்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. அப்பா தினம் துடைத்து வைத்த டாங்க் அல்லவா?

பெட்ரோலை வடித்து, டாங்கைக் கழற்றி, பீடி நெருப்புகூட அண்டாத திறந்த வெளியில் வைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவினார். இருபது நட்டுகளை எண்ணிப் போட்டுக் குலுக்கினார். எண்ணியே வெளியே எடுத்தார். பிறகு லிட்டருக்கு 50 கிராம் வீதம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், வெந்நீரில் கரைத்து நிரப்பி ஓர் இரவு ஊற வைத்தார். வாயு உண்டாகும் என்பதால் மூடியை இறுக்கவில்லை. காலையில் ஆப்பச் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே காற்றடித்து உலர்த்தினார். தாமதித்தால் மறுபடி துரு பூத்துவிடுமாம்!

கடைசியில் பெட்ரோலை நிரப்பிவிட்டுக் காத்திருந்தோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

வெறும் டாங்க் பகலில் சூடேறி இரவில் குளிரும். உள்ளே புகுந்த காற்றின் ஈரம் தகரத்தில் துளித்துளியாகப் படியும். இப்போது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனாலும் ஈரத்தை இழுக்கக்கூடியது.

மறுநாள் வண்டி வெள்ளிமலைக்கு முனகாமல் ஏறிற்று. நேயர்களே, வண்டியை நிறுத்தி வைப்பதானால் டாங்கை நிரப்பி வையுங்கள். வெறும் வயிறு வண்டிக்கும் ஆகாது!